கிரீஸுக்கு வெளியே

பந்து வரவில்லை.

வரும் என்று நம்பி டங்கன் ஓல்ட்ராய்டு கிரீஸ் கோட்டைத் தாண்டி இரண்டடி முன்னால் ஓடிவிட்டிருந்தான். எதிரே மட்டையோடு நின்ற கூட்டாளியின் முகம் மாறியதை அதற்குப் பிறகுதான் பார்த்தான். அந்த முகம் இவனைப் பார்க்கவில்லை. இவனுக்குப் பின்னால் எதையோ பார்த்தது... பிறகு மிகச் சின்னதாக ஒரு சத்தம். மரத்துண்டு ஒன்று புல்லில் விழும் சத்தம்.

திரும்பினான்.

பெயில்ஸ் கீழே கிடந்தன. பந்து போட ஓடி வந்தவள், ஸ்டம்பில் பந்தை வைத்தது வைத்தபடி நின்றிருந்தாள். தொப்பி விளிம்பில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இரண்டு கண்கள்... மழைக்கு முந்தைய வானத்தின் சாம்பல் நிறம். அவற்றில் வெற்றி இல்லை, கோபமும் இல்லை. 'சொன்னேன்தானே' என்பது மட்டும் இருந்தது.

சொன்னாள்தான்.

அவளுடைய முந்தைய ஓவரில், ஓடி வந்தவள் பந்தைப் போடாமல் நின்று, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொல்லியிருந்தாள். "ரொம்ப சீக்கிரம் கிளம்பறீங்க. அடுத்த தடவை பெயிலை எடுத்துடுவேன்." அவன் அந்தக் கண்களைப் பார்த்தான். வேலியோரம் நிற்கும் ஆடு போலத் தலையை மட்டும் ஆட்டினான். எச்சரித்துவிட்டுத்தான் இந்த வேலையைச் செய்யவேண்டும் என்பது அந்தப் பள்ளத்தாக்கில் எழுதப்படாத வழக்கம். அவள் வழக்கத்தை மீறவில்லை. அவன்தான் மீறினான்.

"அவுட்தானே சார்?" என்று அவள் அம்பயரைக் கேட்டாள்.

அம்பயர், டங்கனின் பெரியப்பா. மேஜர் ஹம்ஃப்ரி ஓல்ட்ராய்டு. கிராமத்து ஆட்டத்தில் மட்டை பிடிக்கும் அணியே அம்பயரையும் கொடுக்கவேண்டும். டங்கனின் ஊரான ஆல்டர்பெக் எப்போதும் மேஜரைத்தான் கொடுக்கும். அவர் ஆல்டர்பெக் கிளப்பின் தலைவர், பள்ளி நிர்வாகக் குழுவின் தலைவர், பூசணிக்காய்ப் போட்டியின் நடுவர். ராணுவத்தில் முப்பது வருஷம் காலுறைக் கிடங்கைக் காத்தவர். அவர் காத்தவரையில் ஒரு ஜோடி காலுறைகூட எதிரியின் கையில் சிக்கவில்லை.

மேஜர் தொண்டையைச் செருமினார். மைதானம் முழுவதும் கேட்கவேண்டும் என்பதற்காக மறுபடியும் செருமினார்.

"சட்டப்படி இது அவுட். அதனால விரலைத் தூக்கறேன். ஆனா அம்மா... இது கிரிக்கெட் இல்லை."

அந்த நாட்டில் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் இந்த வாக்கியத்தின் அர்த்தம் தெரியும். சட்டம் விட்டாலும் மனசு விடக்கூடாத காரியம் என்று பொருள். வரிசையில் இடையே நுழைந்தால், பக்கத்து வீட்டு ஆப்பிள் நம் பக்கம் விழுந்தது என்று எடுத்துக்கொண்டால், தோற்றவனைக் கிண்டல் செய்தால் அப்படிச் சொல்வார்கள். மற்றவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை சொன்னால், மேஜர் காலைச் சாப்பாட்டிலேயே சொல்லிவிடுவார். வண்டியைக் கோணலாக நிறுத்தினால் கிரிக்கெட் இல்லை. டீக் கோப்பையில் டீக்கு முன்னால் பாலை ஊற்றினாலும் கிரிக்கெட் இல்லை.

ஜெயிக்க இரண்டு ரன் பாக்கி இருந்தபோது இப்படி ஆல்டர்பெக்கின் கடைசி விக்கெட் விழுந்தது. பரிசுக் கோப்பை மலைக்கு அந்தப்பக்கம், ரேவன்சைடு ஊருக்குப் போனது. யாரும் கை தட்டவில்லை. ஜெயித்தவர்களும்தான்.

ரேவன்சைடின் கேப்டன் ரொட்டிக்கடை ஹெர்பி அவளிடம் ஓடி வந்தார். "கண்ணு... ரோவினா... முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தியாம்மா?"

"சொன்னேன். என்னோட போன ஓவர்ல."

"என் காதுல விழலையே."

"உங்ககிட்டதான் மேஜர் பேசிக்கிட்டிருந்தாரு."

ஹெர்பி யோசித்துப் பார்த்தார். உண்மைதான். இந்தக் காலத்துப் பையன்களுக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியவில்லை என்பது குறித்து மேஜர் ஓர் ஓவர் முழுக்க உரையாற்றியிருந்தார்.

"நான் எதுவும் கேக்கலை," என்றார் மேஜர். தான் பேசும்போது வேறு சத்தம் இருக்கக்கூடும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை.

"அவரையே கேளுங்க," என்றாள் ரோவினா.

எல்லாரும் டங்கனைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். அந்தக் கண்களில் அப்போது துளிக்கூட பயம் இல்லை... இவன் சொல்லிவிடுவான் என்று அவ்வளவு நம்பிக்கை.

டங்கன் பெரியப்பாவைப் பார்த்தான். வேலை பார்ப்பது பெரியப்பாவின் சீஸ் பண்ணையில். குடியிருப்பது பெரியப்பாவின் கொட்டகை வீட்டில். அப்பா போன பிறகு அவனுக்கென்று இருக்கிற ஒரே சொந்தமும் பெரியப்பாதான்.

"எனக்கு... ஞாபகம் இல்லை."

மழைத்துளி ஒருவழியாக முடிவெடுத்து அவள் கன்னத்தில் விழுந்தது.

*

மழை வலுத்தது. எல்லாரும் கிளப் அறைக்குள் ஒதுங்கினார்கள். ஆட்டம் முடிந்தால் இரண்டு அணிகளும் ஒரே ஜாடியிலிருந்து பீர் ஊற்றிக் குடிப்பதுதான் வழக்கம். அன்றைக்கு ஜாடி ரோவினாவின் முன்னால் வந்ததும் எப்படியோ மறுபக்கம் போய்விட்டது. யாரும் முரட்டுத்தனமாக எதுவும் செய்யவில்லை. ஆல்டர்பெக்காரர்கள் ஒருவரை மிக மரியாதையாகவே ஒதுக்குவார்கள்.

ரோவினா பிக்கர்ஸ்கில் வசிப்பது ஆல்டர்பெக்கில்தான். ஈஸ்டருக்குப் பிறகு பள்ளிக்கு வந்த புது டீச்சர். 'பெண்களுக்கு டீ போடுமிடத்தில் ஏராளமான இடம் இருக்கிறது' என்று மேஜர் சொன்னதால் ரேவன்சைடுக்கு ஆடப் போனாள். அந்த ஊரில் பதினோரு பேர் சேர்வதே கஷ்டம், கொள்கை பேசும் வசதி அவர்களுக்கு இல்லை. அதிகாலையில் பண்ணைக்குள் நுழைந்து இருட்டில் வெளியே வரும் டங்கன் இதுவரை அவளைப் பார்த்ததே இல்லை.

மேஜர் ஜாடியை உயர்த்தினார். "திங்கட்கிழமை சாயங்காலம் நிர்வாகக் குழு கூடுது. மிஸ் பிக்கர்ஸ்கில்லை நிரந்தரமாக்கறதா வேண்டாமாங்கறதுதான் விஷயம். எது கிரிக்கெட், எது கிரிக்கெட் இல்லைங்கறது தெரியாதவங்க குழந்தைகளுக்கு என்ன நல்லொழுக்கம் சொல்லித்தரப் போறாங்க... நான் கேள்வி மட்டும்தான் கேக்கறேன்."

ரோவினா தன் காலிக் கோப்பையைக் கீழே வைத்தாள். வைக்கும்போது அது மேசையில் கடகடவென்று ஆடியது. எவ்வளவு வேகமாக ஓடி வந்தாலும் நடுங்காத அந்தக் கை நடுங்குவதை டங்கன் பார்த்தான். ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும் போல் இருந்தது. காரணமே தான்தான் என்ற நினைவு வந்தது. உட்கார்ந்துவிட்டான்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது அவள் அங்கே இல்லை.

பசும்புல் திடலின் ஓரத்தில், பேருந்து நிற்காத பேருந்து நிழற்குடையில் மழைக்கு ஒதுங்கியிருந்தாள். டங்கன் நனைந்துகொண்டே போனான்.

"இந்தாங்க." நாப்கினில் சுற்றிய பொட்டலத்தை நீட்டினான்.

"என்ன இது?"

"உங்களுக்கு யாரும் எதுவும் கொடுக்கலை..."

"லஞ்சமா?"

"வெள்ளரிக்கா சாண்ட்விச்."

"உங்க ஊர்ல ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுமா?"

அவன் சிரிக்கலாமா என்று யோசித்தான். அவள் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று முடிவு செய்தான்.

"தலையாட்டினீங்களே," என்றாள் அவள். மழையைப் பார்த்தபடி, ரொம்ப மெதுவாக. "நான் கனவு கண்டேனா?"

"இல்ல."

"ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. எல்லாமே இருக்கு. உங்க தொப்பியில தையல் பிரிஞ்சிருந்தது வரைக்கும் இருக்கு."

"அதை எல்லார் முன்னாடியும் சொல்றதுக்கு என்ன?"

ஒழுகும் கூரையிலிருந்து நீர் அவன் சட்டைக் காலருக்குள் இறங்கியது. அவன் நகரவில்லை.

"எனக்கு எவ்ளோ பயமா இருக்கு தெரியுமா?" இப்போதுதான் அவள் திரும்பினாள். சாம்பல் கண்களில் நீர் நின்றது... விழவிடாமல் வைத்திருந்தாள். "வேலை போறது பெரிசில்லை. போன பள்ளிக்கூடத்துல ஆள் குறைச்சாங்க, போயிட்டேன், மறுபடி தேடினேன். இது அப்படி இல்ல. நேர்மை இல்லாதவள்னு சொல்லி அனுப்புவாங்க. அதுக்கப்புறம் எந்த ஊர்ல, எந்தக் குழந்தை முன்னாடி நான் போய் நிக்கறது?"

"நான் சொல்லிடறேன். பெரியப்பாகிட்ட சொல்லிடறேன்."

"எப்போ?"

"நாளைக்கு. ஞாயித்துக்கிழமை மதியம் அவர் வீட்லதான் சாப்பாடு."

அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். சாண்ட்விச்சை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை அவனிடம் கொடுத்தாள்.

"நீங்களும் ஒண்ணும் சாப்பிடலை. பார்த்தேன்."

மழை விட்டதும் போய்விட்டாள். இருட்டும்வரை டங்கன் அந்தப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பசித்தது. சாப்பிட்டுவிட்டான்.

*

ஞாயிற்றுக்கிழமை மேஜர் மாட்டிறைச்சியை வெட்டினார். அவர் வீட்டில் இறைச்சி வெட்டுவது ஒரு அணிவகுப்பு. வெட்டுகிறவர் பேசுவார். சாப்பிடுகிறவர் கேட்பார்.

"பெரியப்பா... நேத்து அந்த ஆட்டத்துல..."

"அதைத்தான் நானும் நினைச்சுக்கிட்டிருந்தேன். இன்னும் ரெண்டு துண்டு?"

"போதும். அந்தப் பொண்ணு..."

"உங்கப்பா இருந்திருந்தா அவனும் இதையேதான் சொல்லியிருப்பான். ஓல்ட்ராய்டு ஒருத்தன் ஞாபகம் இல்லைன்னு சொன்னா, நடக்கலைன்னு அர்த்தம். நம்ம குடும்பத்துல யாரும் பொய் சொன்னது கிடையாது." மேஜர் கத்தியைக் கீழே வைத்தார். குரல் கொஞ்சம் இளகியது. அதுதான் இன்னும் பயங்கரமாக இருந்தது. "நாளைக்கு நான் உன் வார்த்தையை நம்பித்தான் பேசப்போறேன்டா. வேற யார் வார்த்தையா இருந்தாலும் இவ்வளவு தைரியமா பேசமாட்டேன்."

டங்கன் உருளைக்கிழங்கை விழுங்கினான்.

"என்னடா, ஏதோ சொல்ல வந்தியே?"

"குழம்பு நல்லாயிருக்கு பெரியப்பா."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பள்ளி வளாகத்து அறையின் ஜன்னலில் அவளைப் பார்த்தான். சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு சட்டையை எடுப்பாள், மடிப்பாள், வைப்பாள்... பிறகு அதையே வெளியே எடுத்து மறுபடி மடிப்பாள். தலை நிமிர்ந்தது. அவனைப் பார்த்தாள். புருவம் மட்டும் உயர்ந்தது. 'சொல்லிட்டீங்களா?'

டங்கன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். மட்டையோடு எத்தனையோ பேரின் பந்துக்கு முன்னால் நின்றிருக்கிறான். கொம்பை ஆட்டும் காளையை வெறுங்கையோடு தொழுவத்துக்குத் திருப்பியிருக்கிறான். உயர்த்திய ஒரு புருவத்துக்கு முன்னால் அவனால் நிற்க முடியவில்லை.

அவன் அன்று தூங்கவில்லை. பெரியப்பா கதவைக் காட்டினால் எங்கே போவது என்று யோசித்தான். அதைவிட மோசமாக, பெரியப்பா எதுவும் சொல்லாமல் அவனைப் பார்த்தால் என்ன செய்வது என்று யோசித்தான். பிறகு, அந்தப் பெட்டியோடு அவள் ரயிலில் ஏறுவதை நினைத்தான். மூன்று பயங்களில் எது பெரியது என்று விடியும்போது தெரிந்துவிட்டது.

*

நிர்வாகக் குழு சின்னக் குழந்தைகளின் வகுப்பறையில் கூடியது. மற்ற அறையில் கூரை ஒழுகியது. அதனால் தலைமையாசிரியை மிஸஸ் கிரீன்ஹால், பாதிரியார், மேஜர் மூவரும் ஆறு வயதுக் குழந்தைகளுக்கான நாற்காலிகளில் முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். ரோவினா எதிரே நின்றிருந்தாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"பண்பு என்பது..." என்று மேஜர் ஆரம்பித்தபோது கதவு திறந்தது.

டங்கன் பண்ணையிலிருந்து நேராக ஓடி வந்திருந்தான். வெள்ளை அங்கி, ரப்பர் பூட்ஸ், சீஸ் அறையில் போடும் நீல வலைத்தொப்பி. தொப்பி தலையில் இருப்பது அவனுக்குத் தெரியாது. அறைக்குள் புளித்த பால் வாசனை வந்தது.

"நாங்க கூட்டத்துல இருக்கோம் டங்கன்."

"தெரியும் பெரியப்பா. உக்காந்து யோசிச்சா மறுபடி பயந்துடுவேன். அதனால நின்னுக்கிட்டே சொல்லிடறேன். அவங்க எச்சரிச்சாங்க."

பாதிரியார் பேனாவைக் கீழே வைத்தார்.

"அவங்களோட முந்தின ஓவர்ல, பந்தைப் போடாம நின்னு, தெளிவா சொன்னாங்க. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. தலையாட்டினேன். அடுத்த ஓவர்ல மறுபடியும் ஓடினேன். அப்புறம் ஞாபகம் இல்லைன்னு பொய் சொன்னேன். ஆட்டத்துல தப்பு பண்ணினது அவங்க இல்லை, நான். சட்டப்படியும் நான்தான், மத்தபடியும் நான்தான்."

மேஜரின் முகம் முதலில் வெளுத்தது. பிறகு சிவந்தது. "நேத்து என் மேசையில உக்காந்து சாப்பிட்டியே. அப்பவும் சொல்லலை?"

"வாய் வரைக்கும் வந்துச்சு பெரியப்பா."

"ஏன் நின்னுச்சு?"

"பயம்."

"பயமா? யாரைப் பார்த்து?"

மிஸஸ் கிரீன்ஹால் மேஜரைப் பார்த்தார். பாதிரியாரும் பார்த்தார். அப்படி யாரப்பா என்று மேஜர் தன் முதுகுப்பக்கம் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவரில் குழந்தைகள் வரைந்த செம்மறியாடுகள்தான் இருந்தன. அவற்றை அவர் வெகுநேரம் பார்த்தார்.

திரும்பியபோது குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அது கிரிக்கெட் இல்லை, டங்கன்."

தான் பேசுவதைத் தானே ரசிக்காமல் மேஜர் அந்த வாக்கியத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஆமா பெரியப்பா."

"டீம்ல உனக்கு இனிமே இடம் கிடையாது. பண்ணை..." மேஜர் மூச்சு வாங்கினார். "மாடுகளுக்கு இதெல்லாம் தெரியாது. அதனால காலையில வந்து தொலை. ஆனா ஞாயித்துக்கிழமைச் சாப்பாட்டுக்கு நான் கூப்பிடற வரைக்கும் வராதே."

பிறகு எழுந்து, ரோவினாவின் பக்கம் திரும்பி, ராணுவ முறையில் தலை குனிந்தார். நாற்காலியும் அவரோடு எழுந்தது. இடுப்பில் கெட்டியாக மாட்டிக்கொண்டு, நான்கு கால்களையும் பின்னால் நீட்டிக்கொண்டு, அதுவும் அவளுக்கு வணக்கம் சொன்னது.

"மிஸ் பிக்கர்ஸ்கில். ஊர் முன்னாடி உங்களை அவமானப்படுத்திட்டேன். ஊர் முன்னாடியே மன்னிப்பும் கேக்கறேன். சனிக்கிழமை, மைதானத்துல. இந்த வேலை உங்களுக்குத்தான்னு ஓட்டுல முதல்ல தூக்கற கை என்னுது."

சிரிக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை. பாதிரியார் மட்டும் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். மேஜர் வருஷக்கணக்காக ஊருக்கு விளக்க முயன்றது இதைத்தான் போலிருக்கிறது.

*

வெளியே தூறல். டங்கன் பள்ளிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான்.

குடையோடு அவள் வந்தாள். ஒரு வார்த்தையும் பேசாமல் கையை நீட்டி அவன் தலையிலிருந்து நீல வலைத்தொப்பியை எடுத்தாள்.

"இதோடயா பேசினேன்?"

"முழுக்க."

"யாராவது சொல்லியிருக்கலாம்."

"நல்லாத்தான் இருந்துச்சு. முட்டைக்கோஸ் மாதிரி." அவள் உதட்டோரம் கொஞ்சம் நெகிழ்ந்தது. உடனே இறுகியது. "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை. நான் சொன்னது கேட்டுச்சு. தலையும் ஆட்டினீங்க. அப்புறம் ஏன் மறுபடி ஓடினீங்க? ஒரு ரன்னுக்காகவா?"

இதற்குப் பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல எவ்வளவு சக்தி வேண்டியிருக்கிறது என்று அவனுக்கு இரண்டு நாளில் தெரிந்துபோயிருந்தது.

"ரன்னெல்லாம் மறந்தே போச்சு. நீங்க ஓடி வரும்போது என் பக்கத்துலதான் கடந்து போவீங்க. உங்க முகத்தைப் பார்த்தா அப்படியே நின்னுடுவேன்னு பயம்... பார்க்காம இருக்கணும்னு முன்னாடியே ஓடிட்டேன்."

"இது சாக்கு."

"சாக்குதான். ஆனா உண்மை."

தூறல் குடையின் மேல் பேசிக்கொண்டிருந்தது. பெரியப்பாவின் முன்னால் நின்றதைவிட இது கஷ்டமாக இருந்தது.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, ரோவினா. இதைச் சொல்ற யோக்கியதை எனக்கு இப்ப இல்லைன்னு தெரியும். பெட்டி கட்டறதைப் பார்த்தேன். நீங்க போயிடுவீங்களோன்னு வந்த பயத்துலதான் மத்த பயமெல்லாம் சின்னதாச்சு."

அவள் அவனைப் பார்த்தாள். அதே சாம்பல் கண்கள். ஒன்றும் தெரியவில்லை... மழை வருமா, வெயில் வருமா, ஒன்றுமே தெரியவில்லை.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உங்களைப் பார்த்தேனே... அப்ப என்னைக் கைவிட்டீங்க. அது வலிச்சுது."

"தெரியும்."

"ஒரு உண்மையைச் சொல்ல உங்களுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா வேண்டியிருந்துச்சு. எனக்கும் யோசிக்க நேரம் வேணும்."

"எடுத்துக்குங்க. எவ்வளவு வேணுமோ எடுத்துக்குங்க."

அவள் திரும்பி நடந்தாள். குடை வாசல்வரை போனது. டங்கன் கூப்பிடவில்லை. ஓடிப் போய் வழி மறிக்கவும் இல்லை. நனைந்துகொண்டு, நின்ற இடத்திலேயே நின்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக, வரவேண்டியது வருகிறவரை காத்திருந்தான்.

குடை வாசலில் நின்றது. வெகுநேரம் நின்றது.

பிறகு மெல்லத் திரும்பி, தேங்கிய நீரில் கால் வைத்து, நேராக அவனை நோக்கி வந்தது.

"யோசிச்சுட்டேன்," என்றாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. குடைக்குள்ள வாங்க."